உளைச்சல்

கடலோரப் பங்கு ஒன்றில் நாம் பணியாற்றி வந்த காலம். 2018ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. செபமாலைக்கு மணி அடிக்கும் முன்னரே ஒரு தாய் பங்குமனைத் திண்ணையில் வந்து அமர்ந்திருந்தார். வயது அறுபதை நெருங்கியிருக்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தலையில் மீன் கூடை சுமந்து, உள்நாட்டு ஊர்களில் வீடு வீடாக நடந்து விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவர். கையில் துணிக்கடைப் பை ஒன்று. அதிலிருந்து எக்ஸ்ரே படங்கள், ஸ்கேன் அறிக்கை, இரத்தப் பரிசோதனைத் தாள்கள், மூன்று மருத்துவமனைகளின் சீட்டுகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் திண்ணையில் பரப்பினார். கழுத்தில் தொடங்கித் தோள் வழியாக விரல் நுனிவரை வலி. இரவானால் இரு கால்களும் உளைந்து உறக்கம் வருவதில்லை. நெஞ்சின் மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தாற்போன்ற பாரம். சோதனைகள் எல்லாம் முடிந்துவிட்டன. கழுத்துச் சங்கிலியை அடகு வைத்த பணமும் முடிந்துவிட்டது.

"எல்லா டாக்டருமாரும் ஒண்ணும் இல்லேண்ணு சொல்லிப்போட்டாவ சாமி. அப்பம் நோவுறது ஆருக்கு?"

குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாள்களில், உடலும் ஆன்மாவும் எவ்வாறு இணைந்துள்ளன என்ற வினாவுக்குப் பக்கம் பக்கமாக விடை எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றவர்கள் நாம். பிளேட்டோ கூறியது ஒன்று, அரிஸ்டாட்டில் கூறியது வேறொன்று, தெக்கார்த் இரண்டையும் பிரித்து வைத்தார் என்றெல்லாம் எழுதினோம். அந்தத் திண்ணையில் அவற்றுள் ஒன்றும் உதவிக்கு வரவில்லை. "இந்த வேதனையை ஆண்டவருடைய பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடுங்கள் அம்மா" என்று சொன்னோம். நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்தோம். மணி அடித்தது; எழுந்து கோவிலுக்குப் போனோம். அவர் தாள்களை எடுத்த வரிசையிலேயே மீண்டும் அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அவர் அடுக்கிய அந்தப் பொறுமை நம் கண்ணைவிட்டு இன்னும் அகலவில்லை. (அவரது இசைவோடும், ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியுமே இதை எழுதுகிறோம்.)

மூன்று வாரம் சென்றபின், அன்பியக் கூட்டம் முடிந்து திரும்பிய அருள்சகோதரி ஒருவர் நம்மிடம் கேட்டார்: "ஃபாதர், அந்த அம்மாவின் சீட்டுகளில் 'எட்டு மாதமாக வலி' என்று எழுதியிருக்கிறதே, எட்டு மாதத்தை எண்ணிப் பார்த்தீர்களா?"

எண்ணிப் பார்த்தோம். 2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல். அவருடைய இளைய மகன் அந்தக் கடலிலிருந்து திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. மூன்று மருத்துவர்களும் "எத்தனை நாளாக?" என்று கேட்டிருக்கிறார்கள், மூவரும் எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஒருவரும் பின்னோக்கி எண்ணவில்லை. அவர்களையாவது விட்டுவிடலாம், அவர்கள் வேற்றூரார். மாதந்தோறும் பலிபீடத்திலிருந்து அந்த மகனின் பெயரை வாசித்தவர் யார்? நாம். எண்ணத் தெரியாதவர்களா நாம்?

இந்தக் குற்றவுணர்வே நம்மை இந்தப் பொருள் குறித்துப் படிக்கவும், மருத்துவர்களிடம் கேட்டறியவும் தூண்டியது. படித்ததில் புரிந்த சிலவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் நமது மொழியிலிருந்தே தொடங்கலாம். அந்தத் தாய் கால் 'உளைகிறது' என்றார். நாள் முழுவதும் நடந்தவர் இரவில் சொல்வது கால் உளைச்சல். பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கு உண்டாவது மன உளைச்சல். ஒரே சொல். 'நோவு' என்பதும் அப்படியே. மேலெல்லாம் நோவு என்கிறோம். மனம் நொந்து பேசினார் என்கிறோம். திருக்குறளின் காமத்துப்பாலில் 'நோய்' என்ற சொல் பிரிவின் துயரத்தையே குறித்து நிற்பதைத் தமிழ் வகுப்பில் அனைவரும் படித்திருக்கிறோம். உடல் வலிக்கு ஒரு வினைச்சொல்லும் உள்ளத்தின் வலிக்கு வேறொரு வினைச்சொல்லும் தேவை என்று நம் முன்னோர் கருதவில்லை. நமது மருத்துவமனைகளோ எலும்புக்கு ஒரு கதவு, நரம்புக்கு ஒரு கதவு, இதயத்துக்கு ஒரு கதவு என்று வைத்திருக்கின்றன. மனத்துக்கான கதவு எங்கோ பின்கட்டில் இருக்கிறது. உளைச்சலோடு வருகிறவர் எந்தக் கதவைத் தட்டுவார்?

இந்தப் பழைய மொழி வழக்கை இன்றைய அறிவியல் பெரிதும் நெருங்கி வந்திருக்கிறது. காயம் பட்ட இடத்திலிருந்து மூளைவரை ஒரு கம்பி ஓடுகிறது, கம்பியின் இந்த முனையை இழுத்தால் அந்த முனையில் மணி அடிக்கிறது என்பதுபோல் நெடுங்காலம் வலியை விளக்கி வந்தார்கள். 1965ஆம் ஆண்டில் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இரு அறிஞர்கள் வேறொன்று சொன்னார்கள். தண்டுவடத்தில் வாயில் போன்ற ஓர் அமைப்பு உண்டு; கீழிருந்து வரும் வலிச் செய்தி அவ்வளவும் அப்படியே மேலே போவதில்லை; மூளையிலிருந்து இறங்கிவரும் கட்டளைகளும் அந்த வாயிலைத் திறக்கின்றன, அடைக்கின்றன என்றார்கள். நாஞ்சில் நாட்டு உழவருக்கு இதை விளக்க வாயில் என்ற சொல் வேண்டியதில்லை. குளத்து மடை என்றால் போதும். குளத்தில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்பது மட்டுமா வயலுக்குப் பாயும் நீரைத் தீர்மானிக்கிறது? மடையை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதும் அன்றோ? அந்தக் கோட்பாட்டின் நுணுக்கங்கள் பிற்காலத்தில் திருத்தப்பட்டன. ஆயினும் மேலிருந்து இறங்கும் நரம்புப் பாதைகள் வலியை மட்டுப்படுத்துகின்றன என்பது நிலைபெற்ற உண்மையாயிற்று. செரோடோனின், நார்அட்ரினலின் என்னும் வேதிப்பொருள்கள் அந்தப் பாதைகளில் வேலை செய்கின்றன. மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகள் பலவும் இவற்றின் வழியாகவே செயல்படுகின்றன. அமிட்ரிப்டிலின், டுலோக்செடின் போன்றவற்றை மனச்சோர்வே இல்லாதவரின் நரம்பு வலிக்கும் மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். மனச்சோர்வு என்பது ஏதோ ஒரு வேதிப்பொருளின் குறைவு மட்டுமே என்று சொல்லிவிட முடியாது. அறிஞர்களே அப்படிச் சொல்லத் தயங்குகிறார்கள். எனினும் வலியும் சோர்வும் உடலுக்குள் ஒரே தடத்தில் நடக்கின்றன என்பதில் ஐயம் இல்லை. உறக்கம் கெட்டால் இரண்டும் கூடும். இரண்டில் ஒன்று நெடுநாள் தங்கினால் மற்றொன்றையும் அழைத்து வரும்.

வலியை ஆராயும் பன்னாட்டுச் சங்கம் 1979இல் வலிக்கு ஓர் இலக்கணம் வகுத்தது. அதிலேயே வலி என்பது புலனுணர்வும் மனவுணர்வும் சேர்ந்த அனுபவம் என்று கண்டார்கள். 2020இல் அதைத் திருத்தியபோது, வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்ற கருத்தையும் சேர்த்தார்கள். ஒரு மருத்துவ இலக்கணத்தில் இப்படி ஓர் அறநெறி இடம்பெற வேண்டிய தேவை ஏன் வந்தது? மதிக்கப்படாதவர்கள் அத்தனை பேர் இருந்திருக்கிறார்கள் என்பதுதானே பொருள்!

"ஒன்றும் இல்லை" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். படத்தில் முறிவு இல்லை, கட்டி இல்லை, அடைப்பு இல்லை என்ற பொருளில் மருத்துவர் அதைச் சொல்கிறார். அது உண்மை, நல்ல செய்தியுங்கூட. கேட்பவர் செவியில் அது வேறாக விழுகிறது. "உன் வலி இல்லை" என்று விழுகிறது. இன்னும் ஒரு படி இறங்கி, "நீ பொய் சொல்கிறாய்" என்றும் விழுகிறது. வீட்டிலுள்ளவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டு, "டாக்டரே ஒண்ணுமில்லேண்ணு சொல்லியாச்சே" என்று மருமகள் முதல் பக்கத்து வீட்டார்வரை சொல்லத் தொடங்குகிறார்கள். பொய் பேசுவது பற்றி அறநெறி இறையியலில் நாம் படித்தவையெல்லாம் பேசுகிறவரின் மனத்தைப் பற்றியவை. பேசுகிறவர் உண்மையே சொல்லியும் கேட்கிறவர் பொய்யைச் சுமந்துகொண்டு வீடு போகிறார் என்றால், அந்தப் பொய் யாருடைய கணக்கில் சேரும்?

நம் மக்கள் படிப்பறிவில்லாதவர்கள், மனத்தில் உள்ளதைச் சொல்லத் தெரியாமல் உடம்பின்மேல் போட்டுச் சொல்கிறார்கள் என்று கற்றவர் சிலர் கூறுவதுண்டு. நாமும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவர்களே. உலக நலவாழ்வு நிறுவனத்தின் முயற்சியால் 14 நாடுகளில் 15 மையங்களில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு, 1999இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்தது. நமது பெங்களூரும் அந்த மையங்களுள் ஒன்று. பாரிஸ், மான்செஸ்டர், ஷாங்காய், அங்காரா ஆகியனவும் உண்டு. ஏறத்தாழ 26,000 பேரை விசாரித்ததில் 1,146 பேருக்குக் கடும் மனச்சோர்வு இருப்பது தெரிந்தது. அவர்களுள் நூற்றுக்கு 69 பேர் மருத்துவரிடம் வந்தபோது உடல் தொல்லையை மட்டுமே சொல்லியிருந்தார்கள். மிகக் குறைந்த மையத்திலும் அது நூற்றுக்கு 45. ஆகவே பாரிஸ்காரரும் நமது மணக்குடிக்காரரும் இதில் உடன்பிறப்புகளே.

அந்த ஆய்வில் நம்மை உறங்கவிடாமல் செய்த விவரங்கள் வேறு இரண்டு. உடல் தொல்லையை மட்டும் சொல்லி வந்தவர்களாயினும், நேரடியாகக் கேட்டபோது, மனத்துயர் எதுவும் இல்லை என்று மறுத்தவர்கள் மொத்தத்தில் நூற்றுக்கு 11 பேரே. ஏனையோர் கேட்டவுடன் சொன்னார்கள். சொல்லத் தெரியாதவர்கள் என்று நாம் யாரை நினைத்தோமோ, அவர்கள் கேட்கப்படாதவர்கள். இரண்டாவது, நோயாளியைத் தொடர்ந்து அறிந்த சொந்த மருத்துவர் இல்லாத இடங்களில்தான் உடல் தொல்லையை மட்டும் சொல்லி வருவது மிகுதியாக இருந்தது. முன்பின் அறியாதவரிடம் முழங்கால் வலியைச் சொல்லலாம். மகனைப் பற்றிச் சொல்ல முடியுமா?

கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களில் வர்ம ஆசான்மாரிடம் போகும் மக்கள் இன்றும் உண்டு. நாம் சொன்ன தாயும் போயிருக்கிறார். அங்கே மட்டும் சிறிது ஆறுதல் கிடைத்ததாம். ஆசானின் வைத்தியத்துக்கு நற்சான்று வழங்கும் தகுதி நமக்கு இல்லை. ஆனால் அவர் எண்ணெய் இட்டு ஒரு மணி நேரம் தோளையும் கையையும் தடவியிருக்கிறார். தடவிக்கொண்டே ஊர், குடும்பம், பிள்ளைகள் என்று கேட்டிருக்கிறார். தொட்ட கையும் கேட்ட வாயும் ஒருவருடையவையாக இருந்தன.

கேட்டால் சொல்வார்கள் என்றால், கேளாமலே சொல்லாதது ஏன்? 1996இல் பெங்களூரின் தேசிய மனநல நரம்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் ரகுராமும் அவரோடு பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. மனச்சோர்வு என்று வெளியே தெரிவதை நோயாளிகள் அவமானமாகக் கருதினார்கள். குறிப்பாகத் திருமணத்துக்குத் தடையாகும் என்று அஞ்சினார்கள். உடல் வலியில் அந்த அவமானம் இல்லை, எல்லாருக்கும் வருவதுதானே!

இதைப் படித்தபோது நமக்குப் பங்குமனை அலுவலறை நினைவுக்கு வந்தது. திருமண ஓலை மூன்று வாரம் வாசிக்கப்படுகிறது. முதல் ஓலைக்கும் மூன்றாம் ஓலைக்கும் இடையே யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி உள்ளே வருவார். கதவைப் பாதி சாத்துவார். "சாமி, அந்த வீட்டில் யாருக்கோ மனசுக்கு வைத்தியம் பார்த்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா?" சர்க்கரை நோயைப் பற்றி ஒருவரும் இப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டதில்லை. இரத்த அழுத்தத்தைப் பற்றிக் கேட்டதில்லை. குடியைப் பற்றிக்கூட வெளிப்படையாகவே கேட்பார்கள். ஆகவே அந்தத் தாய், தம் பேத்தி கரையேறும்வரை, மனம் என்ற சொல்லை வாயில் எடுக்காமல் தோளைக் காட்டுகிறார் என்றால், அது அறியாமையா? ஊரை நன்கு அறிந்தவரின் எச்சரிக்கை அல்லவா? ஆசாரிப்பள்ளத்தில் இன்று அரசு மருத்துவக் கல்லூரி நிற்கும் இடத்தில் முன்பு காசநோய் மருத்துவமனை இருந்தது. அந்தக் காலத்தில் வீட்டில் ஒருவர் அங்கே இருப்பதை மறைத்த குடும்பங்களை நம் பெற்றோர் அறிவார்கள். இருமலை மறைத்தார்கள், இப்போது அழுகையை மறைக்கிறார்கள்.

இவ்வளவு தூரம் வாசித்தவர், "அப்படியானால் காரணம் தெரியாத வலியெல்லாம் மனசுதான்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த முடிவு முதல் தவற்றைவிடக் கொடியது. அதையும் நாம் செய்திருக்கிறோம்.

வேறொரு பங்கில் ஆலயப் பாடகர் குழுவுக்கு ஆர்மோனியம் வாசித்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். மனைவி இறந்து சில மாதங்களில் அவருக்கு இடுப்பு வலி வந்தது. ஞாயிறு பூசையில் ஆர்மோனியத்தின் முன் உட்கார முடியாமல் எழுந்து நின்றார். மருத்துவர் ஒருவர் 'டென்ஷன்' என்று சொல்லித் தூக்க மாத்திரை கொடுத்தார். மகன் "அம்மா போன கவலை" என்றான். நாமும் அதையே சொன்னோம். துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளும்படி அறிவுரையும் கூறினோம். அவர் பணிவானவர், எல்லாருக்கும் தலையாட்டினார். ஐந்து மாதம் கழித்துக் கால் மரத்துப் போனபோதுதான் படம் எடுத்தார்கள். புற்றுநோய் முதுகெலும்புவரை பரவியிருந்தது. அவருக்கு மனைவி போன துயரமும் உண்மையாக இருந்தது, முதுகில் புற்றும் உண்மையாக இருந்தது. ஒன்று தெரிந்தவுடன் மற்றொன்றைத் தேடுவதை நாம் எல்லாரும் நிறுத்திவிட்டோம். பெண்கள், முதியவர்கள், ஏற்கெனவே மனநல மருந்து உண்பவர்கள் ஆகியோருக்கு இந்த அநீதி மிகுதியாக நேர்கிறது. அவர்கள் வயிற்று வலி என்றாலும் மனம் என்கிறார்கள், நெஞ்சு வலி என்றாலும் மனம் என்கிறார்கள்.

'உடம்பா, மனசா?' என்ற கேள்வியிலேயே பிழை இருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. உடம்பு என்று விடை வந்தால் மனத்தை விட்டுவிடுகிறோம். மனம் என்று விடை வந்தால் உடம்பை விட்டுவிடுகிறோம். எந்த விடை வந்தாலும் மனிதரில் பாதி கவனிப்பாரின்றிக் கிடக்கிறது. இலண்டனில் 1967இல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தை நிறுவிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், சாகும் தறுவாயில் உள்ளோரின் வேதனையை உடல், உள்ளம், உறவு, ஆன்மா எனப் பிரிக்காமல் 'முழு வலி' என்று அழைத்தார். அந்த நோக்கிலேயே 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் வலி தணிப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆர்மோனிய ஆசிரியரின் கடைசி வாரங்களில் அத்தகைய ஒரு குழுவினர் வீட்டுக்கு வந்து போனார்கள். அவர்கள் வந்த நாள்களில் அவர் மனைவியைப் பற்றிப் பேசினார்.

நம் மறைநூல் மரபு இதில் நம்மைவிடத் தெளிவாக இருந்திருக்கிறது. புனித தோமா அக்குவினா பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய இறையியல் தொகுப்பின் இலத்தீன் பெயர் 'சும்மா'. பெயர்தான் சும்மா, படிப்பது சும்மா அன்று என்று குருமடத்தில் கேலி பேசுவோம். அதில் துயரம் என்பது வலியின் ஒரு வகை என்கிறார் அவர். உள்வலி புறவலியினும் பெரிது என்கிறார். உணர்ச்சிகள் யாவற்றிலும் உடலுக்கு மிகுந்த தீங்கு செய்வது துயரமே என்கிறார். பிறகு துயரத்துக்கு மருந்து கூறுகிறார். அழுகை, நண்பர்களின் பரிவு, உண்மையைத் தியானித்தல் என்பவற்றோடு உறக்கத்தையும் குளியலையும் சேர்க்கிறார்! தேர்வுக்குப் படித்தபோது அந்தப் பகுதியைப் பார்த்துச் சிரித்தோம். இப்போது சிரிப்பு வரவில்லை. எலியா இறைவாக்கினர் பாலைநிலத்தில் ஒரு செடியின் அடியில் படுத்துச் சாவை வேண்டியபோது வானதூதர் மறையுரை ஆற்றவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அப்பமும் தண்ணீரும் வைத்தார், உறங்கவிட்டார், மறுபடியும் எழுப்பி உண்ணச் சொன்னார். பேச்சு அதற்குப் பின்னர்தான்.

துன்பத்தை ஒப்புக்கொடுக்கச் சொல்வது தவறா என்று வாசகர் கேட்கலாம். தவறு அன்று, அது நம் விசுவாசம். ஆனால் ஒப்புக்கொடுப்பவர் முதலில் அது தம் கையில் இருப்பதாகப் பிறர் ஏற்றுக்கொள்ளக் காண வேண்டும். அந்தத் தாயின் கையில் என்ன இருந்தது என்று பாராமலே ஒப்புக்கொடுக்கச் சொன்னோம். துன்பத்தின் பொருள் பற்றித் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984இல் எழுதிய திருத்தூது மடல், முடிவை நெருங்கும்போது நல்ல சமாரியரிடம் வந்து சேர்கிறது. வழியில் நின்றவர் அவர். நாமோ மணி அடித்தது என்று எழுந்து போனோம்.

மருத்துவர்களைக் குறை கூறி முடித்துக்கொள்வது எளிது. அரசு மருத்துவமனையில் பணிபுரியும் நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "காலையில் உட்கார்ந்தால் மதியத்துக்குள் நூறு சீட்டைத் தாண்டுகிறது, ஃபாதர். வீட்டில் எப்படி இருக்கிறது என்று ஒருவரிடம் கேட்டால் அவர் அழுவார். அழுகிறவரை எழுப்பி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. அதனால் கேட்பதில்லை." உலக நாடுகளில் மருத்துவர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரத்தைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வொன்றில் இந்தியாவுக்குக் காட்டப்பட்டது ஏறத்தாழ இரண்டு நிமிடம்; சுவீடனுக்கு இருபதுக்கு மேல். இரண்டு நிமிடத்தில் தோளைப் பார்க்கலாம். எட்டு மாதத்தை எண்ண முடியாது.

நண்பரின் விடையைக் கேட்டபோது சனிக்கிழமை மாலைகளில் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நாம் அமர்ந்திருப்பதை நினைத்தோம். (யாருடைய அறிக்கையையும் குறித்துச் சொல்லவில்லை, எல்லாத் தொட்டிகளிலும் எல்லாக் குருக்களும் கேட்பதையே சொல்கிறோம்.) கோபப்பட்டேன், பிள்ளைகளை அடித்தேன், பூசைக்கு வரவில்லை, மேலுக்கு முடியவில்லை, செபமாலை சொல்லவில்லை என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். வெளியே வரிசை நீளம். நாம் பாவங்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்கிறோம். 'மேலுக்கு முடியவில்லை' என்பது பாவம் அன்று. ஆதலால் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். அவர் சொல்ல வந்தது அந்த ஒன்றையாகவும் இருக்கலாம்.

நேரமில்லாத மருத்துவருக்கும் நேரமில்லாத குருவுக்கும் நடுவே வேறு யாரேனும் அமரலாம் என்பதற்குக் கோவாவில் ஒரு சான்று உண்டு. டாக்டர் விக்ரம் பட்டேலும் சங்காத் அமைப்பினரும் 24 மருத்துவ நிலையங்களில் நடத்திய ஆய்வின் முடிவு 2010இல் லான்செட் இதழில் வந்தது. மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர் ஆள்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வும் பதற்றமும் உள்ள நோயாளிகளோடு அமர்ந்து பேசவும், நோயை விளக்கவும், தொடர்ந்து விசாரிக்கவும் செய்தார்கள். மருந்து தேவைப்பட்டால் மருத்துவர்; இன்னும் தேவைப்பட்டால் மனநல மருத்துவர். அரசு நிலையங்களில் குணமடைந்தோர் தொகை தெளிவாகக் கூடியது. நோயாளியை ஏற்கெனவே அறிந்த தனியார் மருத்துவர்களிடத்தில் அத்தகைய வேறுபாடு தெரியவில்லை. முன்னே சொன்ன பன்னாட்டு ஆய்வோடு இதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது. 1838இல் நெய்யூரில் இலண்டன் மிஷன் சபையார் தொடங்கிய மருத்துவப் பணி முதல் இன்றுவரை, நமது மாவட்டத்தில் மருத்துவமனைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஒவ்வோர் ஊரிலும் அன்பியம் இருக்கிறது. வீடு வீடாகப் போகும் அருள்சகோதரிகள் இருக்கிறார்கள். பயிற்சி மட்டுமே இல்லை. 2022 முதல் நடுவண் அரசின் டெலி மனஸ் தொலைபேசி எண் 14416இல் தமிழிலும் பேசலாம். அதைக்கூட நம் அறிவிப்புப் பலகைகளில் எழுதி வைக்கவில்லை. திருவிழா நன்கொடைப் பட்டியலுக்கு இடம் இருக்கிறது.

அந்தத் தாயை அருள்சகோதரிதான் நாகர்கோவிலுக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு மருத்துவர் சீட்டுகளை முழுவதும் படித்துவிட்டு, "எட்டு மாசத்துக்கு முன்னால என்னம்மா நடந்தது?" என்று கேட்டாராம். அரை மணி நேரம் அழுதார் என்று சகோதரி சொன்னார். புயலுக்குப் பின் அவர் அழுதது அதுவே முதல் தடவை. உடல் கிடைக்காததால் அழக்கூடாது என்று இருந்திருக்கிறார். அழுதால் மகன் இறந்ததாக ஆகிவிடும் அல்லவா? கழுத்தெலும்பில் தேய்மானம் இருந்தது உண்மை. அதற்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள்; உறங்குவதற்கு முன் விழுங்க ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள்; இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். வலி போகவில்லை. "கொஞ்சம் கொறவு உண்டும் சாமி" என்றார் ஆறேழு மாதம் சென்று. கூடை சுமப்பதை விட்டுச் சந்தையில் உட்கார்ந்து விற்கத் தொடங்கினார்.

மறு ஆண்டு அவர் பேத்திக்கு இரண்டாம் ஓலை வாசித்திருந்த வாரத்தில், ஒரு மாலை பங்குமனைக்கு வந்தார். கூடவே பக்கத்து வீட்டுப் பெண்ணும் வந்திருந்தார். பேச்சோடு பேச்சாக அந்தப் பெண் நம்மைப் பார்த்து, "இவிய தெனமும் ராத்திரி ஒரு மாத்திரை போடுதாவளே, அது என்னத்துக்குள்ள மாத்திரை சாமி?" என்று கேட்டார். தாய் நம் முகத்தையே பார்த்தார். கணநேரம் அறநெறி இறையியல் பாடங்கள் அனைத்தும் நம் மனத்தில் ஓடின.

"உளைச்சலுக்கு" என்றோம்.

"எனக்கும் உண்டும் சாமி. ராத்திரி ஆனா காலு ரெண்டும் உளைஞ்சு உறக்கமே இல்ல" என்றார் அந்தப் பெண். செபமாலைக்கு மணி அடித்தது. அவரைத் திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டு, எத்தனை மாதமாக என்று கேட்டோம்.